ஏப்ரலில் அனுப்பி ஜூனில் கூப்பிடுவது: தனியார் பள்ளி நிர்வாகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் மாதக் கடைசி வேலை நாள். விடைத்தாள்களைத் திருத்தி, மதிப்பெண் பதிவேட்டை ஒப்படைத்துவிட்டு அலுவலகத்துக்கு வரும் ஆசிரியையிடம், "மே மாசச் சம்பளம் கிடையாதும்மா, ஸ்கூல் திறக்கும்போது கூப்பிடுறோம்" என்று சொல்லி அனுப்புவார்கள். தமிழ்நாட்டில் சிறிய, நடுத்தரத் தனியார் பள்ளிகள் பலவற்றில் ஆண்டுதோறும் நடப்பது இது. நிர்வாகத்துக்கு ஒரு மாதச் சம்பளம் மிச்சம். ஜூன் மாதம் அந்த ஆசிரியை பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்ந்திருப்பார். அவர் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வருவார். எந்தப் பிள்ளைக்குப் பின்னம் வராது, எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது என்று அவர் தெரிந்துகொள்வதற்குள் தீபாவளி வந்துவிடும்.

ஆசிரியராகவும் அப்புறம் முதல்வராகவும் இப்படிப்பட்ட பள்ளிகளுக்குள் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். தாளாளர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை. சொந்த நிலத்தை விற்றுப் பள்ளி கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பள்ளி தடுமாறும் இடத்தைத் தோண்டிப் பார்த்தால், எங்கோ ஓர் இடத்தில் ஆசிரியரைக் கைவிட்டிருப்பார்கள். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆசிரியரின் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டி வைப்பது முதல் தவறு. நடுவில் விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம்தான் காரணம். பயம் நியாயமானதுதான், டிசம்பரில் இயற்பியல் ஆசிரியர் போய்விட்டால் 12ஆம் வகுப்பு என்ன ஆகும்? ஆனால் சான்றிதழுக்காக மட்டும் இருப்பவர் வகுப்பில் மனதோடு இருக்கமாட்டார். இரண்டு மாத முன்னறிவிப்பு என்று பணி ஆணையில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கல்வியாண்டை முடிப்பவருக்கு ஒரு தொகையை ஊக்கமாகக் கொடுங்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கட்டணத்தை முழுவதுமாகவோ பாதியாகவோ விட்டுக்கொடுங்கள். நான் பார்த்த வரையில், இந்தக் கடைசிச் சலுகை தங்க வைக்கும் அளவுக்கு வேறெதுவும் ஆசிரியர்களைத் தங்க வைத்ததில்லை.

அடுத்தது சம்பளக் கணக்கு. வங்கியில் ஒரு தொகையைப் போட்டு, அதில் ஒரு பகுதியை ரொக்கமாகத் திரும்ப வாங்குகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. இது ஏமாற்று. பள்ளியின் ரகசியம் ஸ்டாஃப் ரூமில் இருக்கும் அத்தனை பேர் கையிலும் போய்ச் சேர்கிறது. அப்புறம் எந்த ஆசிரியரிடமும் ஒழுங்கைப் பற்றிப் பேச நிர்வாகத்துக்கு வாய் இருக்காது. 20 பேர் வேலை செய்தாலே வருங்கால வைப்பு நிதி கட்டாயம் என்பதையும், பணிக்கொடை ஆசிரியர்களுக்கும் உண்டு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பணிக்கொடைச் சட்டத்தில் 2009இல் செய்த திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களுக்குப் பொருந்தும். தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துப் போன வழக்கிலும் 2022இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றே சொல்லிவிட்டது. 15 ஆண்டு வேலை செய்த ஓர் ஆசிரியர் ஓய்வு பெறும் மாதத்தில்தான் இது நினைவுக்கு வருகிறது என்றால், அந்தத் தொகை பள்ளிக்கு இடியாக இறங்கும். ஆண்டுதோறும் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்தால் வலி தெரியாது.

கோடை வெயிலில் ஆசிரியர்களை வீடு வீடாக அட்மிஷன் பிடிக்க அனுப்புவதையும் விட்டுவிட வேண்டும். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத வாசலில் நிற்கும் ஆசிரியரை, அந்தத் தெருப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஜூனில் அவர்களுக்குத்தான் அவர் பாடம் நடத்த வேண்டும்.

சரி, தாளாளருக்கும் முதல்வருக்கும் இடையில் நடப்பதற்கு வருவோம். நான் சொல்ல நினைத்ததில் அதிகம் இதைப் பற்றித்தான்.

ஒருமுறை 9ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆசிரியையை எல்லார் முன்னாலும் தரக்குறைவாகப் பேசிவிட்டான். பெற்றோரை அழைத்து வரும்வரை வகுப்புக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர்கள் என்னிடம் வரவில்லை. அன்று இரவே தாளாளர் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் முதல் பீரியடில் பையன் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தான். தாளாளர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, தெரிந்த குடும்பம் என்றார். அந்த ஆசிரியை அதற்குப் பிறகு எந்த மாணவனையும் கண்டிக்கவில்லை. நாளாக ஆக, கவனிப்பதையும் விட்டுவிட்டார். அந்த வகுப்பு கெட்டுப்போனதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல்வரைத் தாண்டித் தாளாளரிடம் போனால் காரியம் நடக்கும் என்று ஒரு பெற்றோருக்குத் தெரிந்தால் போதும், ஒரே மாதத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதற்கப்புறம் முதல்வர் அறை வெறும் கையெழுத்துப் போடும் இடம். இதைத் தடுக்கப் பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. யாருடைய வேலை எது என்று ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஊழியர்களுக்கும் காட்டிவிட வேண்டும். பணம், கட்டடம், வாகனம், அரசு அங்கீகாரம், நியமனத்துக்கான இறுதி ஒப்புதல் எல்லாம் தாளாளருக்கு. டைம்டேபிள், எந்த வகுப்புக்கு எந்த ஆசிரியர், மாணவர் ஒழுங்கு, ஆசிரியர் மதிப்பீடு எல்லாம் முதல்வருக்கு. பெற்றோர் யார் வந்தாலும், ஊர்ப் பெரிய மனிதராகவே இருந்தாலும், தாளாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "முதல்வரைப் பார்த்தீங்களா?" முதல்வர் எடுத்த முடிவு தவறு என்று பட்டால், மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். மாற்ற வேண்டியிருந்தால் முதல்வரே மாற்றட்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் இருவரும் உட்கார்ந்து பேசும் பள்ளிகளில், நாள் முழுக்க ஃபோன் அடித்துக்கொண்டே இருப்பதில்லை.

சிசிடிவியை வீட்டிலிருந்து கைபேசியில் பார்த்துக்கொண்டு, "4-பி டீச்சர் ஏன் உட்கார்ந்திருக்காங்க?" என்று செய்தி அனுப்புவதும் இதே தவறின் இன்னொரு முகம். கேமரா பிள்ளைகளின் பாதுகாப்புக்கு.

ரிசல்ட் விஷயத்துக்கு வருகிறேன். நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் ஃபிளெக்ஸ் வைக்கும் ஆசையில் இரண்டு பாவங்கள் நடக்கின்றன. ஒன்று, 9ஆம் வகுப்பில் தடுமாறும் பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு, "வேற ஸ்கூல் பார்த்துக்குங்க" என்று அனுப்புவது. எல்.கே.ஜி.யிலிருந்து பதினோரு வருடம் கட்டணம் வாங்கிய பிறகு இப்படிச் சொல்ல எப்படி மனம் வருகிறது? இன்னொன்று, 9ஆம் வகுப்பிலேயே 10ஆம் வகுப்புப் பாடத்தையும், 11இல் 12ஆம் வகுப்புப் பாடத்தையும் தொடங்கிவிடுவது. இதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் தமிழ்நாடு அரசு 11ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. பொதுத்தேர்வு முடிவில் முதல் மூன்று இடம் அறிவிக்கும் வழக்கமும் 2017இல்தான் நின்றது. 2025இல் 11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பழைய பழக்கம் திரும்பி வரக் கதவு திறந்திருக்கிறது. நீட் தேர்விலும் ஜே.இ.இ.யிலும் 11ஆம் வகுப்புப் பாடமும் சேர்த்தே கேட்கிறார்கள் என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லிவிட்டால், அவர்களே உங்கள் பக்கம் நிற்பார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, தவறு ஜூன் மாதத்தில் தொடங்குகிறது. முதல் தவணைக் கட்டணம் மொத்தமாக வந்து சேரும்போது வங்கிக் கணக்கு நிறைந்து தெரியும். உடனே புதிய பிளாக்குக்கு அஸ்திவாரம், இரண்டு பேருந்துக்கு முன்பணம். பிப்ரவரிக்குள் கை வறண்டுவிடும். பிறகு மே மாதச் சம்பளத்தை எங்கே வெட்டலாம் என்று தேடுகிறார்கள். ஏப்ரலில் அந்த ஆசிரியைக்குச் சொன்ன வார்த்தை ஜூனிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. மூன்று மாதச் சம்பளத்துக்கான தொகையை ஜூனிலேயே தனி வைப்பாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில் கட்டடத்தைப் பற்றி யோசிப்பதுதான் சரி. 2020இல் கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இந்தக் கையிருப்பு இல்லாத பள்ளிகள் முதலில் கைவைத்தது ஆசிரியர் சம்பளத்தில்தான்.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழுதான் தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது. அது பள்ளியின் செலவுக் கணக்கையும் வசதிகளையும் பார்த்துத்தான் தொகை சொல்லும். கணக்கை ஒழுங்காக எழுதாத பள்ளி, உண்மையிலேயே செய்த செலவைக்கூடக் காட்ட முடியாமல் குறைந்த கட்டணம் வாங்கி வரும். அதை ஈடுகட்ட ரசீது இல்லாமல் வேறு பெயர்களில் வசூலிக்கத் தொடங்கும். நன்கொடை வாங்கியது நிரூபணமானால் அதைப்போலப் பத்து மடங்கு வரை அபராதம் என்று கல்வி உரிமைச் சட்டம் (ஆர்.டி.இ.) சொல்கிறது. நல்ல ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

அதே சட்டப்படி 25 சதவீத இடங்களில் கட்டணம் இல்லாமல் சேரும் நலிந்த பிரிவுப் பிள்ளைகள் விஷயத்தில் நிர்வாகங்களுக்கு ஒரு நிஜமான மனக்குறை உண்டு: அரசு தர வேண்டிய தொகை தாமதமாக வருகிறது. அந்தக் கோபத்தைப் பிள்ளைமேல் இறக்கக் கூடாது. "ஆர்.டி.இ. பசங்க எழுந்து நில்லுங்க" என்று வகுப்பில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எழுந்து நின்ற குழந்தையின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பாதுகாப்பு பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, இரண்டு சம்பவங்களே போதும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி சாலையில் விழுந்து இறந்தாள். அதற்குப் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் கோப்பில் இருக்க வேண்டியவை. அவற்றோடு தாளாளர் மாதம் ஒருமுறை பள்ளியைத் தானே நடந்து பார்க்க வேண்டும். மாடிப்படியின் கீழ்க் கதவு பூட்டியிருக்கிறதா, பேருந்தின் கடைசி இருக்கைக்கு அடியில் தகடு துருப்பிடித்திருக்கிறதா, சிறுமிகளின் கழிவறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா. பேருந்து ஒப்பந்தக்காரருடையது என்பது ஒரு பதிலே இல்லை. பிள்ளையை ஏற்றிவிட்ட தாய் பள்ளியை நம்பித்தான் ஏற்றிவிட்டாள்.

ஒரு பிள்ளை தனக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகச் சொன்னால், "முதலில் நாமே விசாரிப்போம், பள்ளி பெயர் கெட்டுவிடும்" என்று நினைப்பதுதான் ஒரு நிர்வாகம் செய்யக்கூடிய மிக மோசமான தவறு. போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, தெரிந்த எவரும் காவல் துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவர்மீது வரும் புகாரை நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காதீர்கள், குற்றம் சாட்டப்பட்டவர் முன்னால் நிறுத்தாதீர்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள், பெற்றோருக்கும் காவல் துறைக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ ஒவ்வொரு மாடியிலும் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதி வையுங்கள்.

கடைசியாக டி.சி. கட்டணப் பாக்கி இருக்கிறது என்று அதைப் பிடித்து வைப்பது பல அலுவலகங்களில் ஊறிப்போன பழக்கம். மாற்றுச் சான்றிதழ் பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல, அதில் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாக்கியைப் பெற்றோரிடம் கேட்கத் தனி வழி இருக்கிறது: கடிதம் எழுதலாம், தவணை கொடுக்கலாம், முடியாவிட்டால் வழக்குப் போடலாம். நான் முதல்வராக இருந்தபோது டி.சி. கேட்டு வருபவர்களுக்கு அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். பாக்கி வைத்துவிட்டுப் போன ஒரு லாரி ஓட்டுநர், இரண்டு வருடம் கழித்து மகளுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் மீதிப் பணத்தையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் எங்கள் பள்ளியில் 8ஆம் வகுப்பு வரைதான் படித்திருந்தாள்.