வேலூரில் சைக்கிள் குழுவில் சேர: முதல் ஞாயிறு ஓட்டத்துக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிறு விடியற்காலை வேலூர்க் கோட்டைப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். ஹெல்மெட்டும் பளிச்சென்ற சட்டையுமாகப் பத்துப் பதினைந்து பேர் சைக்கிளோடு நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு போக எனக்கும் ஆசைதான். ஆனால் "பாதி வழியில் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ" என்ற பயத்தில் ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். போன பிறகுதான் புரிந்தது, அங்கே யாரும் என் வேகத்தை எதிர்பார்க்கவில்லை. எவ்வளவு முடியும் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும், பின்னால் வருகிறவர் நம்மை நம்பி ஓட்டும்படி ஓட்டவேண்டும். இரண்டுமே பழகினால் வந்துவிடும்.

படி 1: எந்தக் குழு என்று விசாரியுங்கள்

கியர் சைக்கிள் விற்கும் கடையில், அதைவிட அங்கே வேலை செய்யும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். யார் யார் எங்கே ஓட்டுகிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்ததும் மூன்றே கேள்விகள் போதும். எத்தனை கிலோமீட்டர்? என்ன வேகம்? யாராவது பின்தங்கினால் காத்திருப்பீர்களா?

மணிக்கு 15 முதல் 18 கிலோமீட்டர், நடுவில் டீ, எல்லோரும் சேர்ந்தே திரும்புவோம் என்று பதில் வந்தால் அதுதான் நமக்கானது. 25, 28 என்று சொன்னால் அது பயிற்சி ஓட்டம், இப்போதைக்கு வேண்டாம். குழுவில் சிலர் "200 பிஆர்எம்" என்று பேசிக்கொள்வார்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் நெடுந்தூர ஓட்டம் அது. கேட்டு மிரள வேண்டாம். அதே ஆட்கள்தான் ஞாயிற்றுக்கிழமை உங்களோடு மெதுவாகக் கதை பேசிக்கொண்டு வருவார்கள்.

படி 2: இருக்கிற சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

முதல் மாதத்துக்குப் புது சைக்கிள் வாங்காதீர்கள். அவசரப்பட்டு நான் வாங்கினேன். ஒரு கடையில் என் உயரத்துக்குப் பெரிய ஃபிரேமைக் கொடுத்துவிட்டார்கள், இரண்டு வாரம் கழுத்து வலி. குழுவில் நாலு பேர் சைக்கிளை ஓட்டிப் பார்த்த பிறகு வாங்கினால் இந்தத் தப்பு நடக்காது. பிரேக் பிடிக்க வேண்டும், செயினில் எண்ணெய் இருக்க வேண்டும், சக்கரம் கோணாமல் சுற்ற வேண்டும். கியர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

சீட் உயரத்தை மட்டும் கட்டாயம் சரிசெய்யுங்கள். சீட்டில் உட்கார்ந்து பெடலைக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரி. நம் ஊரில் பலர் சீட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டி, முழங்கால் வலிக்கிறது என்று சைக்கிளையே விட்டுவிடுகிறார்கள்.

காற்று எவ்வளவு என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். மெல்லிய ரோடு பைக் டயருக்கு 80 முதல் 100 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), அதைவிடக் கொஞ்சம் தடித்த டயர் உள்ள ஹைபிரிட் சைக்கிளுக்கு 50 முதல் 70 என்பது பொதுவான கணக்கு. காற்றடிக்கும் வால்வு மெலிந்து, நுனியில் குட்டித் திருகு இருந்தால் அது பிரெஸ்டா வகை. பெட்ரோல் பங்க் குழாய் அதற்குப் பொருந்தாது, ஒரு பித்தளை அடாப்டர் வேண்டும்.

படி 3: தனியாக இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள்

தொரப்பாடி, அரியூர் வழியாக ஸ்ரீபுரம் வரை போய்த் திரும்புங்கள். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் வரும். அது முடிந்தால் குழுவோடும் முடியும். வண்டி குறைவான இடமாகப் பார்த்து, ஒரு கையை எடுத்துவிட்டு நேராக ஓட்டவும், சைக்கிள் வளையாமல் தலையை மட்டும் திருப்பிப் பின்னால் பார்க்கவும் பழகுங்கள்.

படி 4: முதல் நாள் ராத்திரியே எடுத்து வையுங்கள்

ஹெல்மெட், முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு ஸ்பேர் டியூப், கைப்பம்பு, கொஞ்சம் சில்லறை, வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டு. ஹெல்மெட் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும், நெற்றி தெரிகிற மாதிரி பின்னால் தள்ளிப் போடக் கூடாது. டியூப் மாற்றத் தெரியாவிட்டாலும் டியூப் இருக்கட்டும். மாற்றித் தர அங்கே ஆள் உண்டு, உங்கள் அளவு டியூப்தான் அவரிடம் இருக்காது.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரண்டு வாழைப்பழம் போதும்.

படி 5: ஓட்டத்தின்போது

பத்து நிமிடம் முன்னாலேயே போய், "நான் புதுசு, இருபது கிலோமீட்டர்தான் ஓட்டியிருக்கேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். முன்னால் வழிகாட்டிப் போகிறவர் லீட், கடைசியில் வருகிறவர் ஸ்வீப். ஸ்வீப்பைத் தாண்டி யாரையும் பின்னால் விட மாட்டார்கள். அவர் யாரென்று கேட்டு முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணாக இருந்தால், கழிப்பறை வசதியுள்ள இடத்தில் நிறுத்துவார்களா என்று தயங்காமல் கேளுங்கள். நான் கேட்டபோது, மற்ற இரண்டு அக்காக்களும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தார்கள்.

கிளம்பிய பின் முன்னால் போகிறவரிடமிருந்து ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கவே கூடாது. அவர் லேசாக விலகினால்கூட விழப்போவது பின்னால் வருகிற நீங்கள்தான்.

திடீர் பிரேக், திடீர் வளைவு இரண்டும் வேண்டாம். என் இரண்டாவது வாரம், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு குழியைப் பார்த்துச் சட்டென்று பிரேக் அடித்தேன். பின்னால் வந்த அக்கா என் சக்கரத்தில் முட்டி விழுந்தார், முழங்கால் சிராய்த்துவிட்டது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "பரவால்லம்மா, அடுத்த தடவை கத்திடு" என்றார். அன்றிலிருந்து கத்துகிறேன். குழி, மணல், ஸ்பீட் பிரேக்கர், நாய் எது வந்தாலும் பெயரைச் சொல்லி உரக்கக் கத்த வேண்டும், கையால் சாலையைக் காட்ட வேண்டும். நிற்கப் போகிறீர்களா? முதலில் கையைத் தூக்கிக் குரல் கொடுத்து, பிறகு மெதுவாக இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள்.

பெரிய சாலையில் ஒருவர் பின் ஒருவராகத்தான். பேச்சு ருசிக்கிறதே என்று ஜோடி போட்டு ஓட்டாதீர்கள், பேச டீக்கடை இருக்கிறது. காதில் இயர்போன் கூடவே கூடாது. திருவலம் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர் வந்தால் பக்கவாட்டில் தொங்கும் சுமையைக் கணக்கில் வைத்து ஒதுங்குங்கள். நாய் துரத்தினால் வேகம் கூட்டாமல் குறையுங்கள், பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும்.

மூச்சு வாங்குகிறதா? "கொஞ்சம் மெதுவா போலாமா அண்ணா" என்று கேளுங்கள். சொல்லாமல் பல்லைக் கடித்து ஓட்டுகிறவர்தான் பதினைந்தாவது கிலோமீட்டரில் மயங்கி உட்காருவார். அப்போது எல்லோருடைய காலைப்பொழுதும் வீணாகிவிடும்.

படி 6: வெயிலுக்கு முன் வீடு

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று நம் ஊரைச் சொல்வார்கள். சுற்றியுள்ள பாறை மலைகள் சூடேறிவிட்டால் எட்டு மணிக்கே முகத்தில் அனல் அடிக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் ஐந்து மணிக்கே கிளம்பி ஏழரைக்குள் திரும்பும் குழுவோடு மட்டும் போங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு தடவை இரண்டு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். புதிதாகத் தொடங்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம்.

டீக்கடையில் உங்கள் பங்கை நீங்களே கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் குழுவில் ஒரு வரி போடுங்கள், ஸ்வீப் அதற்காகக் காத்திருப்பார்.

அப்புறம் மெதுவாகத் தூரத்தைக் கூட்டலாம். அடுத்த மாதம் விரிஞ்சிபுரம், மார்கபந்தீஸ்வரர் கோயில் வரை. காலில் பலம் வந்ததும் ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தி, போய்வர ஐம்பது கிலோமீட்டர் வரும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுள்ள ஏலகிரிக்குக் கூப்பிட்டால், இன்னும் ஆறு மாதம் ஆகட்டும் என்று சொல்லிவிடுங்கள்.