மக்கும் பை உண்மையில் மக்குகிறதா: உரக்குழியில் சோதிக்கும் முறை

'மக்கும் தன்மையுடையது' என்று அச்சிட்ட பையை அப்படியே நம்பிவிடாமல், நாமே சோதித்துப் பார்ப்பது நல்லது. பையிலிருந்து 5 செ.மீ. சதுரத் துண்டுகளை வெட்டி, நன்கு உலர்த்தி, எடையைக் குறித்துக்கொண்டு, நைலான் கொசுவலையில் தைத்த சிறு பைகளில் இடுங்கள். ஒப்பிடுவதற்காக, வடிதாள் (வடிகட்டப் பயன்படும், எளிதில் மக்கும் தாள்) துண்டுகளைத் தனியாகவும் சாதாரண பாலித்தீன் துண்டுகளைத் தனியாகவும் அதேபோல் வைக்க வேண்டும். வடிதாளே மக்கவில்லையென்றால் குறை உரக்குவியலில்தான் இருக்கிறது. அந்தச் சோதனையை வைத்துப் பையைப் பற்றி எதையும் முடிவு செய்யக் கூடாது.

குவியலின் நடுவே பைகளைப் புதைத்து, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். ஒரு பிடி உரத்தை அழுத்திப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளிகள் மட்டும் கசியும் அளவுக்கு ஈரம் இருப்பது சரி. வெப்பநிலையைத் தவறாமல் குறித்து வையுங்கள், ஏனெனில் பாலிலாக்டிக் அமிலம் என்ற, தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யப்படும் நெகிழியாலான பொருள்கள் ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள தொழிற்கூட உரக்கூடங்களில் விரைவாகச் சிதைந்தாலும், சூடேறாத வீட்டுத் தொட்டியில் பல மாதங்கள் அப்படியே கிடக்கக்கூடும்.

12 வாரங்களுக்குப் பிறகு எடுத்து, மெதுவாக அலசி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, தங்கியதை உலர்த்தி எடை பாருங்கள். தொழிற்கூட உரமாக்கலுக்கான ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 13432, தங்கும் எடை தொடக்க எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் துண்டாவது வேறு, மக்குவது வேறு: ஆக்சோ வகைப் பைகள் (விரைவில் நொறுங்குவதற்கான வேதிப்பொருள் சேர்த்த சாதாரண நெகிழிப் பைகள்) நொறுங்கி நுண்நெகிழியாகவே மண்ணில் தங்கிவிடலாம். நுண்ணுயிரிகள் பொருளை உண்மையிலேயே உண்டனவா என்பதை, வெளியேறும் கரியமில வாயுவை அளக்கும் ஆய்வகச் சோதனையால்தான் உறுதிப்படுத்த முடியும்.