மலையகக் கல்யாணங்களில் லென்ஸ் மங்காமல் காத்த விதம்

கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அதிகாலை முகூர்த்தம் என்றால், மாப்பிள்ளை அழைப்பை வெளிக்குளிரில் படமெடுத்துவிட்டு மண்டபத்துக்குள் நுழைந்ததும் லென்ஸ் வெண்மையாகப் பூத்துவிடும். ஹோமச் சூட்டிலும் சனக்கூட்டத்திலும் ஈரமேறிய காற்று, குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் நீராகப் படிவதே காரணம். முன்பக்கத்தைத் துடைத்தால் உடனே மறுபடியும் மங்கும். உள்ளே படிந்ததைத் துடைக்கவே வழியில்லை. கெட்டிமேளம் முழங்கி, அட்சதை பொழிய, மூன்று முடிச்சும் விழுந்துவிடும். அந்தக் கணத்தை இன்னொரு முறை கேட்டுப் பெற முடியாது.

ஆகவே, ஒரு கமராவை விடியுமுன்பே மணவறைக்கு அருகில் வைத்துவிட்டு, மற்றதை வெளிவேலைக்கென்றே ஒதுக்கினேன். வெளிக்கமராவும் உள்ளே தேவைப்பட்டால், குளிரில் நிற்கும்போதே மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு, கமராவைக் காற்றுப் புகாத பொலித்தீன் பையில் இட்டு இறுக மூடுகிறேன். ஈரம் பையின் வெளிப்புறத்திலேயே படிகிறது. அரைமணி நேரத்துக்கு மேல் பொறுத்து, பையில் குளிர்ச்சி தெரியாதபோதுதான் திறக்கிறேன். மணப்பெண் அலங்கார அறையிலுள்ள ஹெயார் டிரையரால் உலர்த்தலாம் என்பார்கள். கண்ணாடியைச் சீரற்றுச் சூடாக்கும் அந்த வழியை நான் ஏற்பதில்லை.

ஹோமப் புகைக்கு வேறு வழி வேண்டும். பிளாஷைக் கமராவிலிருந்து கழற்றிப் பக்கவாட்டில் நிறுத்தியபின், புகை வெள்ளைத் திரையாக மறைக்காமல் மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டிக் கற்கள்கூடத் தெளிவாக விழுகின்றன. அந்த இடத்தைக் குருக்களிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.