பெண் பிள்ளைகளின் படிப்புக்காக ஊரைத் திரட்டும்போது: நீலகிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் பெண் கல்விக்காக ஊர்க்கூட்டம் போடுகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பெண்ணைப் படிக்க வைக்க வேண்டும் என்று, அதை நன்றாகவே தெரிந்து வைத்திருக்கும் தாய்மார்களிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுத் திரும்புகிறார்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் தேயிலைக் கொழுந்து பறிப்பவருக்கு, மகள் அந்த வேலைக்கு வரக்கூடாது என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளை எதனால் பள்ளியை விட்டு நின்றாள் என்பதே கேள்வி. அதற்குப் பதில் வீட்டுக்கு வீடு வேறு.

அதனால் கூட்டத்துக்கு முன்பே ஒரு நோட்டில் பெண் பிள்ளைகளின் பட்டியலைத் தயார் செய்யுங்கள்: வயது, வகுப்பு, போன மாதம் எத்தனை நாள் வந்தாள், வராத நாளில் எங்கே இருந்தாள். பள்ளிப் பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள். பதிவேட்டில் பெயர் இருக்கும், பிள்ளை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு லயன் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் நிற்பாள்.

அடுத்த தவறு நேரம். காலை 11 மணிக்குக் கூட்டம் என்றால் அம்மாக்கள் யாரும் வர முடியாது. எட்டு மணிக்குள் தேயிலைக் காட்டில் ஏறியவர்கள் இலையை எடைபோட்டுத் திரும்ப மாலை ஐந்தாகும். இருட்டிய பிறகு வைத்தால் யானைப் பாதையில் நடக்கச் சொல்வதாகும். ஞாயிறு காலை, கடைவீதிக்குக் கிளம்பும் முன், லயனிலேயே வையுங்கள். சம்பள நாளை ஒட்டி வேண்டாம்.

இடமும் முக்கியம். பனியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடும்பங்களை அவர்கள் கூலிக்குப் போகும் நிலக்காரர் வீட்டு முற்றத்துக்கு வரச்சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முதலில் அவர்கள் குடியிருப்பில் தனியாக உட்காருங்கள். அவர்கள் மொழி பேசும் ஒருவர் கூட இருக்கட்டும். வீட்டில் ஒரு மொழி, ஒன்றாம் வகுப்பில் வேறு மொழி என்பதே சில பிள்ளைகள் பயந்து விலக முதல் காரணம்.

இனி, அதிகம் கோட்டைவிடும் விஷயம்: வழி. "பஸ் வேண்டும்" என்று மனுக் கொடுத்தால் அது கட்டோடு கட்டாகக் கிடக்கும். ஒருநாள் பிள்ளைகளோடு கடிகாரம் பார்த்து நடந்துபாருங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், ஓடையை எங்கே கடக்கிறார்கள், எந்த வளைவில் விளக்கில்லை, பள்ளி விடும் நேரத்துக்கும் பஸ் நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று குறியுங்கள். "பள்ளி 4.10க்கு விடுகிறது, பஸ் 3.50க்கே போய்விடுகிறது, அடுத்தது 6.15" என்ற மாதிரி எழுதினால் அதிகாரி நேரத்தை மாற்ற முடியும். பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பையும் கணக்கில் எடுங்கள். மாலையில் அது முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும் ஊரில், பெற்றோர் பெண்ணை நிறுத்துவது பயத்தால்தான். காலையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும், 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். பள்ளி இல்லாத குடியிருப்புக்கு வாகன வசதியோ, கூடவே நடந்துவர ஆளோ கேட்கலாம். ஆனால் இந்தச் சட்டத்தின் கை 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மலையில் பள்ளி தூரமாகிவிடுவதோ ஒன்பதாம் வகுப்பில்தான். பிளஸ் ஒன்னில் தரும் சைக்கிளும் ஏற்ற இறக்கத்தில் உதவாது. ஆகவே ஏப்ரலிலேயே எட்டு முடிக்கும் ஒவ்வொரு பெண்ணும் ஜூனில் எங்கே, எப்படிப் போவாள், விடுதியா பஸ்ஸா என்று முடிவாகியிருக்க வேண்டும். பந்தலூர், தேவாலாவில் பள்ளி திறக்கும் மாதமே தென்மேற்குப் பருவமழை பிடிக்கும் மாதம். அப்போது நின்றவள் நின்றதுதான்.

புதுமைப் பெண் திட்டத்தைப் பன்னிரண்டாம் வகுப்பில் போய்ச் சொல்வதும் தாமதம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தால் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் என்பதை ஆறாம் வகுப்பிலேயே அப்பாக்களுக்குச் சொல்லுங்கள்.

கொழுந்து அதிகம் வரும் சீசனில் மூத்த பெண் வீட்டில் நிற்பது கைக்குழந்தையால். அம்மாவைக் கடிந்து பயனில்லை. தோட்டத்தின் குழந்தைக் காப்பகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று பாருங்கள். முதல் பெரட்டுக்கு (காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் நேரம்) பிறகு திறந்தால் அதனால் யாருக்கு என்ன லாபம்? நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது அந்த அரை மணி நேரத்தைத்தான்.

கழிப்பறை "இருக்கிறது" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள்: தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் மார்ச் மாதமும் தண்ணீர் வருகிறதா, வாளி இருக்கிறதா, நாப்கின் போட மூடிய தொட்டி உண்டா. பெண் பிள்ளைகளிடம் ஒரு பெண் தனியாகக் கேட்கட்டும்.

பிறப்புச் சான்று, சாதிச் சான்று வாங்கிய பிறகு சேர்க்கலாம் என்று யாரையும் திருப்பி அனுப்பவும் கூடாது. வயதுச் சான்று இல்லை என்று எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கச் சட்டம் இடம் தரவில்லை. சான்றிதழ் வேலை பின்னால் நடக்கட்டும்.

கல்யாணப் பேச்சு நடக்கும் பெண்ணின் பெயரைக் கூட்டத்தில் சொல்லவே கூடாது. சபையில் கேட்ட அவமானத்துக்காகவே தேதியை முன்னால் தள்ளிவிடுவார்கள். வீட்டில் மதிக்கும் ஒருவர் தனியாகப் பேசட்டும்; 18 ஆகாத பெண்ணுக்கு நாள் குறித்துவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லத் தயங்க வேண்டாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும், பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கையெழுத்துக்கு மட்டும் அவர்களைக் கூப்பிடாதீர்கள். தீர்மானத்தில் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதுவதற்குப் பதில், எந்தப் பிள்ளை வீட்டுக்கு யார், எந்தத் தேதியில் போவார் என்று எழுதி, அடுத்த கூட்டத்தில் முதலில் அந்தப் பக்கத்தையே படியுங்கள்.