குளிர்காலம் முடிந்து மைக்ரோலைட்டை வெளியே எடுக்கும் முன்

மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தாயிற்றா, பிரிட்டனில் மைக்ரோலைட் கிளப்புகளுக்குச் சீசன் வந்துவிட்டது. (ஒருவரோ இருவரோ மட்டும் போகும் மிக லேசான குட்டி விமானம்; மற்ற நாடுகளில் அல்ட்ராலைட் என்பதுதான் இங்கே மைக்ரோலைட்.) நாலைந்து மாதம் மழையையும் சேற்றையும் பார்த்துச் சலித்தவர்கள் முதல் வெயிலைக் கண்டதும் ஹேங்கர் (விமானக் கொட்டகை) கதவைத் தள்ளித் திறந்து, டேங்கை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பத் துடிப்பார்கள். நானும் அப்படித் துடித்தவன்தான். அந்த முதல் நாளில் பறக்கவே பறக்காதீர்கள், முழுக்க ஹேங்கரிலேயே கழியுங்கள்.

காகித வேலையைக் குளிர் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பறக்கும் அனுமதியை வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வேண்டும், சோதனைப் பறப்பும் உண்டு. ஏப்ரலில் எல்லோரும் அவரைத்தான் துரத்துவார்கள் என்பதால் பிப்ரவரியிலேயே சொல்லி வைப்பது நல்லது. இன்ஷூரன்ஸ் தேதி, புது வரைபடம், அவ்வளவுதான்.

அடுத்து டார்ச் லைட். ஒரு வருடம் என் சீட்டுக்குப் பின்னால் எலி ஒன்று பஞ்சை எல்லாம் பிய்த்துப் போட்டுக் குடும்பமே நடத்தியிருந்தது. பஞ்சு போனால் போகிறது, ஒயரையும் கடித்திருக்கிறதா என்று தேடியதில்தான் பாதி நாள் போயிற்று. வசந்த காலத்தில் பறவைகள் இன்ஜின் மூடிக்குள் கூடு கட்டும், அதுவும் ஒரே காலையில் கைநிறையக் குச்சி சேர்த்துவிடும், ஆகவே இதை ஒரு நாள் பார்த்தால் போதாது, ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். வேகம் காட்டும் பிட்டோ குழாயில் பூச்சி அடைத்திருக்கும். அதை வாயால் ஊதாதீர்கள், மீட்டர் கெட்டுவிடும்.

டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை இரக்கமில்லாமல் வடித்துவிடுங்கள். 2021 முதல் இங்கே பங்க்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரப்பர் குழாய்களையும் தடவிப் பாருங்கள். ரோட்டாக்ஸ் 912 இன்ஜின் என்றால் அவற்றுக்கு 5 வருடம்தான் ஆயுள்.

அதே ரோட்டாக்ஸில் ஆயில் தனி டேங்கில் இருப்பதால், அளவு பார்க்கும் முன் ப்ரொப்பல்லரைக் கையால் சுற்றி, டேங்கிலிருந்து 'களக் களக்' என்று சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும். இக்னிஷன் ஆஃப், சக்கரத்துக்குக் கட்டை, சுற்றுவது எப்போதும் இன்ஜின் ஓடும் திசையில் மட்டும். ஸ்டார்ட் செய்தபின் ஆயில் 50 டிகிரியைத் தொடும்வரை பொறுமை. பிறகு 4000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) இன்ஜினில் உள்ள இரண்டு இக்னிஷனையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்: சுற்று 300க்கு மேல் விழக்கூடாது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 115ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

ஓடுபாதையை நடந்தே பாருங்கள். புல் ஈரமாக இருந்தால் மேலெழும்ப வழக்கத்தைவிட நீளமாக ஓட வேண்டியிருக்கும், போதாததற்கு அகழெலி தோண்டிப் போட்ட மண்மேடுகள் வேறு.

சரி, இயந்திரம் தயார். ஓட்டுகிறவர்? 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருந்தால்தான் ஆளை ஏற்றலாம் என்பது விதி, ஆனால் தனியாகப் போகிறவருக்கும் கை துருப்பிடித்துத்தான் இருக்கும். இன்ஸ்ட்ரக்டருக்கு ஒரு மணி நேரக் காசு கொடுத்து, இன்ஜின் நின்றுபோனால் எந்த வயலில் இறங்குவது, பக்கக் காற்றில் எப்படி இறங்குவது, இந்த இரண்டையும் அலுக்கும்வரை செய்யுங்கள். இருபது வருடம் பறந்தவர்கள் கூச்சப்படாமல் இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், வெட்கப்படுவதெல்லாம் என்னைப் போன்ற அரைகுறைகள்தான்.

ஏப்ரல், மே நடுப்பகலில் காற்று கொதிக்கிற குழம்பு மாதிரி தூக்கிப் போடும், ஆகவே முதல் சில வாரங்கள் காலை ஒன்பதுக்கு முன்போ மாலை ஆறுக்குப் பின்போ போங்கள். நடுவில் ஹேங்கர் வாசலில் நாற்காலி போட்டு டீ குடிக்கலாம்.