பைலட் படிப்பா? ஹெட்செட்டை ஆர்டர் போடுவதற்கு முன்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய்க் காசு கைக்கு வரும் மாதங்களில் எனக்கு போன் அதிகம் வரும். "பையன் பைலட் படிக்கப் போறான் சார், என்னென்ன வாங்கணும்?" பாதிப் பேர் வாங்கி முடித்த பிறகுதான் கேட்கிறார்கள். எங்கள் பேட்ச் வாங்கிக் குவித்த அதே சாமான்கள்தான், விலை மட்டும் ஏறியிருக்கிறது. பேனா, பேட்டரி மறந்துபோகிற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் முதல் வாரத்தில் தானாகச் சரியாகிவிடும்.

விமானத்தைப் பார்க்காமல் ஹெட்செட்

இதைப் பேச ஆரம்பித்தால் இன்னமும் எரிச்சல்தான் வருகிறது. காவேரிப்பட்டணத்துப் பையன் ஒருவன், எந்தப் பள்ளியில் சேரப்போகிறோம் என்று முடிவாவதற்கு முன்பே பழைய ஹெட்செட் ஒன்றை வாங்கிவிட்டான். விற்றவர் "ஏவியேஷன் ஹெட்செட்தான் தம்பி" என்றாராம். பொய்யில்லை. ஆனால் அது ராணுவ ஹெலிகாப்டரில் போடுகிற வகை.

செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானங்களில் பொதுவாக இரண்டு துளைகள் இருக்கும்: பெரியது காதுக்கு, சற்றுச் சிறியது மைக்குக்கு. ஹெலிகாப்டர் ஹெட்செட்டுக்கு ஒற்றைப் பிளக். சரி என்று அடாப்டர் வரவழைத்தான். காதில் நன்றாகக் கேட்டது, இவன் பேசியதுதான் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ராணுவ மைக்கின் இம்பீடன்ஸ் (மின்தடை மாதிரியான ஓர் அளவு) 5 ஓம் அளவில் இருக்கும். சிறு விமான ரேடியோ எதிர்பார்ப்பது 150 ஓம் வகை மைக்கை. பிளக்கை மாற்றினாலும் மைக் மாறாது. "ஒரு ஒயருக்கா சார் இவ்வளவு காசு?" என்று அவன் அப்பா கேட்டார். நான் என்ன பதில் சொல்ல?

லெமோ பிளக்கும் இப்படித்தான். ஆறு முள் உள்ள அது விமானத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும். அந்தச் சாக்கெட் இல்லாத விமானத்தில் அதைச் செருக இடமே கிடையாது. ஏர்பஸ்ஸில் ஐந்து முள் எக்ஸ்எல்ஆர் பிளக். "பின்னால் ஏர்லைனில் உதவும்" என்று இப்போதே அதை வாங்குபவர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஆகவே பள்ளியில் சேருங்கள், விமானத்தில் ஏறி உட்காருங்கள், சாக்கெட்டைப் போட்டோ எடுங்கள், அப்புறம் வாங்குங்கள். இரைச்சலை எதிர் ஒலியால் அடக்கும் ஏஎன்ஆர் வகை லட்ச ரூபாயைத் தொடும். தொடக்கத்துக்கு டேவிட் கிளார்க் எச்10-13.4 மாதிரி பேட்டரி இல்லாத வகையே தாராளம். தலையை இறுக்கும்தான், பழகிவிடும்.

மெடிக்கலுக்கு முன் பர்சைத் திறப்பது

சிபிஎல் என்கிற வணிக விமானி உரிமத்துக்கு கிளாஸ் 1 மெடிக்கல் என்கிற மருத்துவப் பரிசோதனை கட்டாயம். நிறக்குருடு போன்ற ஒன்று அங்கே தெரியவந்தால் வாங்கியதெல்லாம் வீட்டில் கிடக்கும். பெங்களூரு விண்வெளி மருத்துவ நிறுவனம் ஓசூர்க்காரர்களுக்கு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கிறது. தருமபுரியிலிருந்தும் ஒரு பஸ் பயணம்தான். முதலில் அந்த வேலையை முடியுங்கள்.

அண்ணன்கள் கொடுத்த ஜெராக்ஸ்

வழிநடத்தல், வானிலை இரண்டுக்கும் பழைய குறிப்புகள் கெட்டுப்போகாது. காற்று விமானத்தை எவ்வளவு தள்ளும் என்று கணக்கிடும் காற்று முக்கோணம் அன்றும் அதேதான், இன்றும் அதேதான். ஏர் ரெகுலேஷன்ஸ் என்கிற சட்டப் பாடம் அப்படியில்லை. 1934 விமானச் சட்டத்தின் இடத்தில் பாரதிய வாயுயான் அதினியம், 2024 வந்து, 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆர்டிஆர் ரேடியோ உரிமம் வழங்கும் அதிகாரத்தையும் அந்தச் சட்டம் தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து எடுத்து விமானத் துறையிடம் கொடுத்தது. இதெல்லாம் இல்லாத ஜெராக்ஸை மனப்பாடம் செய்துவிட்டு, 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி என்கிற பரீட்சைக்குப் போவது வீண் துணிச்சல். ஐரோப்பாவிலிருந்து வரும் தடித்த புத்தகங்களிலும் சட்டப் பகுதி நமக்கு உதவாது. மற்றதைத் தாராளமாகப் படிக்கலாம்.

அளவு பொருந்தாத பிளாட்டர்

பிளாட்டர் என்பது வரைபடத்தில் தூரம் அளக்கும் ஸ்கேல். வரைபடம் 1:10,00,000, ஸ்கேலில் நீங்கள் படித்த விளிம்பு 1:5,00,000 என்றால் 60 நாட்டிக்கல் மைல் 30 என்று காட்டும். எரிபொருள் கணக்கும் அதோடு பாதியாகிவிடும்.

அகல நீபோர்டு

தொடையில் கட்டிக்கொண்டு குறிப்பெழுதும் பலகை அது. செஸ்னா 152-இல் யோக் என்கிற ஸ்டீயரிங் அதில் இடிக்கும். சின்னதாக வாங்குங்கள்.

லாக்புக்கில் ஒயிட்னர்

பறந்த மணிநேரங்களைப் பதியும் புத்தகம் அது, ஒயிட்னர் கூடவே கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, கையெழுத்து வாங்குங்கள்.

போலரைஸ்டு கூலிங் கிளாஸ்

தலையைச் சற்றுச் சாய்த்தாலே சில எல்சிடி திரைகள் கறுத்துப்போகும். சாதாரண டின்ட் போதும்.