ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் 'பட்ச்' இல்லை: யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு

திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கம்பஸுக்குள் காலடி வைத்த நாளிலேயே ஒரு பிள்ளைக்கு பட்ச், அதாவது கூடப் படிக்கும் கூட்டம், அமைந்துவிடும். ஒரே பீடம், ஒரே நேரசூசி, பரமேஸ்வராச் சந்தியில் ஒரே தேத்தண்ணிக் கடை. நோட்ஸ் சீனியர் அக்கா தருவா. இரண்டு நாள் வராவிட்டால் யாராவது போன் எடுத்து விசாரிப்பார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இவை எதுவும் தானாக அமையாது. முதல் மாதங்களில் தடுமாறும் பிள்ளைகள் தங்கள் ஆங்கிலம்தான் போதவில்லை என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலம் போதுமானதாகவே இருக்கும், கூடப் படிக்க ஆள்தான் இருக்காது.

1827இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்துக்கு மூன்று வளாகங்கள்: நகர நடுவில் சென் ஜோர்ஜ், மேற்கே மிசிசாகா, கிழக்கே ஸ்காபுறோ. மூன்றிலும் சேர்த்து 90,000க்கு மேற்பட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். ஒரு பருவத்துக்கு வழக்கமாக ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றையும் அவரவரே தெரிவு செய்வதால் ஐந்து வகுப்பிலும் ஐந்து விதமான கூட்டம். திங்கட்கிழமை இரசாயன வகுப்பில் பக்கத்தில் இருந்தவரைச் செவ்வாய்க்கிழமை கணித வகுப்பில் காணமாட்டீர்கள். முதலாமாண்டின் பெரிய விரிவுரைகள் சில நடக்கும் கொன்வொகேஷன் மண்டபத்தில் ஏறக்குறைய 1,700 இருக்கைகள். அங்கே நட்புப் பிடிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆள் பிடிக்கும் இடம் ரியூட்டோரியல். விரிவுரைக் கூட்டத்தைச் சிறு குழுக்களாகப் பிரித்து, பெரும்பாலும் மேற்படிப்பு மாணவர் ஒருவர் நடத்தும் வகுப்பு அது. புள்ளி குறைவு என்று பலர் போகாமல் விடுகிறார்கள், அது பெரிய பிழை. முதல் வாரத்திலிருந்து ஒரே கதிரையில் இருங்கள். இரண்டாம் வாரம் இடப்பக்கமும் வலப்பக்கமும் இருப்பவர்களிடம் "கேள்வித்தாளைச் சேர்ந்து பார்ப்போமா?" என்று கேளுங்கள். இங்கே அது கூச்சப்பட வேண்டிய கேள்வி இல்லை, அவர்களும் தனியாகத்தான் வந்திருப்பார்கள். மூன்று நான்கு பேர், கிழமைக்கு ஒரு முறை, நூலகத்தில் ஒரு அறை: அதுதான் உங்கள் பட்ச். சென் ஜோர்ஜ் கலை, அறிவியல் பீடத்தில் ஒரே பாடங்களை எடுக்கும் முதலாமாண்டு மாணவர்களைச் சிறு குழுவாகச் சேர்க்கும் திட்டமும் உண்டு. கோடையில் பாடம் பதியும்போதே அதையும் தேடிப் பதியுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் நல்ல மனமுள்ள பிள்ளைகள்தான் இதில் மாட்டுகிறார்கள். ஊரில் அசைன்மென்ட் கொப்பியைக் கூட்டாளிக்குக் கொடுப்பது உதவி. இங்கே கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் படிப்பு நேர்மையை மீறியதாக ஒரே குற்றச்சாட்டு வரலாம். வாட்ஸ்அப், டிஸ்கோர்ட் குழுக்களில் "உன்ரய ஒருக்கா அனுப்பு, பார்த்திட்டு அழிக்கிறன்" என்று கேட்பார்கள். அனுப்ப வேண்டாம். வழியைப் பேசலாம், வாய்விட்டு விளக்கலாம், பலகையில் எழுதிக் காட்டலாம். பிறகு பலகையை அழித்துவிட்டு ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். சீனியரின் நோட்ஸ் இல்லாத குறையைத் தீர்க்க, கலை, அறிவியல் பீடத்தின் பழைய சோதனைத்தாள்களை நூலக இணையத்தளத்தில் எடுக்கலாம்.

ஸ்காபுறோ வளாகத்தில் பெரும்பாலானோர் வீட்டிலிருந்தே பஸ்ஸில் வந்து போகிறவர்கள். வகுப்பு முடிந்த கையோடு பகுதிநேர வேலைக்கு ஓடுவார்கள். பின்னேரம் சந்திப்போம் என்றால் நடக்காது. இரண்டு வகுப்புக்கு இடையிலுள்ள மத்தியான இடைவெளியைக் கேளுங்கள்.

அங்கே தமிழ் முகங்கள் நிறையத் தெரியும். பலர் கனடாவிலேயே பிறந்தவர்கள். நீங்கள் தமிழில் கேட்க அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்னால் அதைத் தலைக்கனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் கேட்டு விளங்குவார்கள், பேசப் பழக்கம் குறைவு, பிழை வந்துவிடுமோ என்ற வெட்கமும் உண்டு. "எந்த ஊர்?" என்றால் கொஞ்சம் யோசித்து, "அம்மா சாவகச்சேரி, அப்பா புங்குடுதீவு" என்பார்கள். அந்த ஊர்களைப் பார்த்தே இராத பிள்ளைகளும் இருப்பார்கள். நீங்கள் தமிழிலும் அவர்கள் ஆங்கிலத்திலுமாகப் பேசிக்கொண்டே போனால் இரண்டு பக்கமும் பழகிவிடும். செப்டெம்பரில் சங்கங்கள் மேசை போடும் நாளில் தமிழ் மாணவர் சங்கத்தைத் தேடிப் பெயர் கொடுங்கள். தை (ஜனவரி) மாதம் கனடாவில் தமிழ் மரபுத் திங்கள் என்பதால் அப்போது நிகழ்ச்சிகளும் தொண்டுவேலையும் கூடுதலாக இருக்கும். சீனியர் என்ற அதிகாரம் அங்கே இல்லை. யாரையும் எழுந்து நின்று வணங்க வேண்டியதில்லை.

பெயர் விசயத்தை முதல் கிழமையிலேயே சரிசெய்யுங்கள். கடவுச்சீட்டில் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் எந்த இடத்தில் இருக்கிறதோ அப்படியே பல்கலைக்கழகப் பதிவிலும் ஏறும். இடம் மாறியிருந்தால் வகுப்பு முழுக்க உங்களை அப்பாவின் பெயரால் கூப்பிடும். ஏகோர்ன் என்ற மாணவர் தளத்தில் விரும்பும் பெயரைப் பதியலாம். விரிவுரையாளருக்குப் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்தே எழுதுங்கள். தலைப்பில் பாடக் குறியீடு, கடைசியில் மாணவர் இலக்கம். 'சேர்' வேண்டாம், 'புரொபசர்' என்று குடும்பப் பெயரோடு எழுதினால் போதும்.

சென் ஜோர்ஜில் நேரசூசி 10 மணி என்றால் வகுப்பு 10.10க்குத் தொடங்கும். சோதனைக்கு அந்தப் பத்து நிமிடத்தை நம்ப வேண்டாம்.

பருவ காலத்தில் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக் கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் எல்லை (2024 நவம்பரிலிருந்து). கையில் காசு தரும் கடையில் கூடுதலாக நின்றால் ஆபத்து முதலாளிக்கு மட்டுமல்ல, உங்கள் படிப்பு அனுமதிக்கும்தான்.

ஆறாம் கிழமையளவில் முதலாவது மிட்டேர்ம் (பருவ நடுச் சோதனை) புள்ளி வரும். ஏ.எல்லில் மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கு 55 வந்தால் வீட்டுக்குச் சொல்ல மனம் வராது, அறைக்குள்ளேயே அடைந்துவிடும். அந்தக் கிழமையே பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். சென் ஜோர்ஜ் கலை, அறிவியல் மாணவர்களுக்கு அவரவர் கொலிஜிலேயே பதிவாளர் இருக்கிறார். கொலிஜ் என்பது அந்தப் பீட மாணவர் ஒவ்வொருவரும் சேர்க்கப்படும் பிரிவு, மொத்தம் ஏழு. பாதிப்பில்லாமல் பாடத்தை விடக்கூடிய கடைசித் திகதியை அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் விடுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள்: அந்தப் பீடத்தில் பருவத்துக்கு மூன்று பாடங்களுக்குக் (ஒரு பருவத்தில் முடியும் அரைப் பாடங்கள்) கீழே போனால் முழுநேர மாணவர் என்ற தகுதி போய்விடும், படிப்பு அனுமதியும் சிக்கலாகும். ஐந்திலிருந்து நான்குக்கு இறங்குவதில் அந்த ஆபத்து இல்லை.